மாறிய நிலையும் மாறாத கையெழுத்தும்

கொடுத்த வாக்கைக் காத்தல் வேண்டும் என்பது நாம் மாணவருக்குப் போதிக்கும் முதல் ஒழுக்க விதிகளுள் ஒன்று. அவ்விதிக்கு அரிச்சந்திரன் கதையே நமது வழக்கமான உதாரணம். யாழ்ப்பாணத்து மக்களுக்கு அது வெறும் ஏட்டுக் கதையன்று. வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தை விடிய விடியப் பார்த்துக் கண்ணீர் விட்ட தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாம். கீழ் வகுப்புகளில் இக்கதையைச் சொல்லுமிடத்து மறுப்பு எழுவதில்லை. மேல் வகுப்பிலே ஒருமுறை ஒரு மாணவன் எழுந்து, "சேர், வாக்குக் கொடுத்தவன் அரசன், விலைப்பட்டவர்கள் மனைவியும் பிள்ளையுமல்லவா?" என்று கேட்டான். பாடவேளை முடிந்தமையால் அன்று நாம் விடை கூறாது தப்பினோம்.

அக்கேள்வி 2024 ஆம் ஆண்டின் இறுதியில் வேறோர் உருவில் இங்கிலாந்திலிருந்து நம்மிடம் திரும்பி வந்தது. எழுதியவள் நமது பழைய மாணவி. முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கு வெளிநாட்டார் வருவதற்கு 2022 பெப்ரவரியில் பிரித்தானிய அரசு வழிதிறந்தது. அவ்வழி 2025 யூலை 22 முதல் புதிதாக வருவோருக்கு அடைக்கப்பட்டது. திறந்திருந்த காலத்திலே சென்ற பல்லாயிரவருள் அவளும் ஒருத்தி. தாயாரின் காணியை ஈடுவைத்துப் பெற்ற பணம் தரகரின் கையிற் சேர்ந்த பின்னரே அவள் விமானம் ஏறினாள். ஓராண்டு கழிந்ததும் ஒரு கைத்தொலைபேசியை ஒப்பந்த முறையில் வாங்கினாள். கருவிக்கு மாதம் 30 பவுண். பேச்சுக்கும் இணையத்துக்கும் மாதம் 18 பவுண். காலம் இருபத்துநான்கு மாதம். பத்து மாதங்கள் ஒழுங்காகக் கட்டிவந்தாள். அப்பொழுது அவளை வேலைக்கு அழைத்த நிறுவனத்தின் அனுமதிப்பத்திரத்தை அரசு இரத்துச் செய்தது. குற்றம் நிறுவனத்தினுடையது, வேலையை இழந்தவள் அவள். அறுபது நாட்களுக்குள் வேறொரு நிறுவனத்தைத் தேடிக்கொள்ளல் வேண்டும், அன்றேல் நாட்டை விட்டு வெளியேறல் வேண்டும் என்று கடிதம் வந்தது. வேறு நிறுவனம் கிடைக்கவில்லை.

தொலைபேசிக் கம்பனியிடம் தன் நிலையைக் கூறி, ஒப்பந்தத்தை முடித்துத் தருமாறு கேட்டாள். எஞ்சிய பதினான்கு மாதத்துக்கும் உரிய 672 பவுணை ஒரே முறையிற் செலுத்தினால் முடித்துத் தருவதாக விடை வந்தது. அத்தொகை இங்குள்ள ஆசிரியர் ஒருவரின் சில மாதச் சம்பளம். அவளோடு தங்கியிருந்தவர்களோ, "சிம்மைக் கழற்றி எறிந்துபோட்டுப் பிளேன் ஏறு. யாழ்ப்பாணத்துக்கு வந்து உன்னை ஆர் தேடப்போகினம்?" என்றார்கள். இவ்விரண்டுக்கும் இடையில் நின்று அவள் நம்மிடம் கேட்டது ஒன்றே: "சேர், நான் கையெழுத்து வைச்சனான். கட்டாமல் வந்தால் அது களவோ?"

கையெழுத்திட்டால் கட்டத்தான் வேண்டும் என்றே முதலில் எழுதத் தொடங்கினோம். இரண்டு வரி எழுதிய பின்னர் பேனை நகரவில்லை. நாம் கூறப்போகும் விடைக்கு விலை கொடுப்பது நாமல்லேம் என்ற எண்ணம் தடுத்தது. ஈட்டிலிருக்கும் காணியை மீட்கவேண்டிய ஒரு குடும்பத்தின் செலவில் நமது ஒழுக்கத்தை நிலைநாட்டுதல் எளிது. எனவே, வாக்கு என்பது யாது, அது எதனைக் கட்டுப்படுத்துகின்றது என்பதை முதலிலிருந்தே ஆராய வேண்டியதாயிற்று.

வாக்கைப் பற்றிச் சிந்தித்தோர் எவரும் அதனை நிபந்தனையற்ற ஒன்றாகக் கொண்டாரல்லர். அறிவு தெளிந்திருந்தபொழுது வாளை நம்மிடம் ஒப்படைத்த ஒருவன், பித்தேறிய நிலையில் வந்து அதனைக் கேட்பானாயின் கொடுத்தல் தகாது என்றார் உரோமாபுரிச் சிசெரோ. அவருக்குப் பின்வந்த செனெக்கா, நாம் வாக்குக் கொடுத்த வேளையில் இருந்த நிலை மாறாதிருக்கும்வரையிலேயே வாக்கு நம்மைக் கட்டும் என்று இன்னும் விரிவாக எடுத்துரைத்தார். ஐரோப்பியச் சட்ட அறிஞர் பிற்காலத்தில் இக்கருத்தை ஒரு கோட்பாடாகவே வளர்த்தனர். ஒவ்வொரு வாக்கின் அடியிலும் இரு சாராரும் வாய்விட்டுக் கூறாது ஏற்றுக்கொண்ட சில நிலைமைகள் உள. அவை தகர்ந்தால் மேலே நிற்கும் சொற்கள் முன்னைய பொருளைத் தாரா என்பதே அதன் சாரம்.

ஆங்கிலச் சட்டம் இவ்வுண்மையை ஏற்கத் தயங்கித் தயங்கியே வந்தது. 1647 இல் தீர்க்கப்பட்ட ஒரு வழக்கில், உள்நாட்டுப் போரிலே அரச படையினர் நிலத்தைக் கைப்பற்றிக் குத்தகைக்காரனைத் துரத்திவிட்டனர். பயன்பெறாத நிலத்துக்கும் அவன் குத்தகை கட்டவேண்டும் என்றே நீதிமன்றம் கூறிற்று. இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர், 1863 இல், இசை நிகழ்ச்சிக்கு வாடகைக்குப் பேசப்பட்ட மண்டபம் நிகழ்ச்சிக்கு முன்னரே எரிந்துபோன வழக்கில்தான், இரு சாராரும் வாக்கினின்றும் விடுபட்டனர் என்ற தீர்ப்பு வந்தது. 1902 யூனில் ஏழாம் எட்வேட் மன்னரின் முடிசூட்டு ஊர்வலத்தைப் பார்ப்பதற்கென இலண்டன் பால்மால் வீதியில் ஒருவர் 75 பவுணுக்கு அறைகளைப் பேசியிருந்தார். மன்னர் நோயுற்றார், ஊர்வலம் ஒத்திவைக்கப்பட்டது. எஞ்சிய 50 பவுணை அவர் கட்டவேண்டியதில்லை என 1903 இல் தீர்ப்பாயிற்று. அறைகள் இருந்தன, யன்னல்கள் இருந்தன, ஆனால் எதற்காக அவை பேசப்பட்டனவோ அது இல்லை.

எனினும் இந்த இரக்கம் வெகுதூரம் செல்லவில்லை. எட்டு மாதத்தில் 78 வீடுகளைக் கட்டித் தருவதாக ஏற்ற ஒரு கம்பனி, ஆட்பற்றாக்குறையினால் இருபத்திரண்டு மாதம் உழைக்க நேர்ந்த வழக்கில், கட்டம் மட்டும் ஒப்பந்தத்தை முறிக்காது என்று 1956 இல் பிரபுக்கள் சபை தீர்த்தது. அதன்படி நோக்கினால் நமது மாணவிக்கு வழியில்லை. மண்டபம் எரியவில்லை; தொலைபேசி வேலை செய்கின்றது; கம்பனியும் சேவை தர ஆயத்தமாக நிற்கின்றது. அவளுக்கு மட்டுமே நாடு இல்லாமற் போயிற்று. மன்னனுக்கு வந்த நோய் ஒருவரை விடுவித்தது. கூலிப்பெண்ணுக்கு வந்த வேலையிழப்பு அவளை விடுவிக்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். நிலை மாறிற்று என்று கூறி ஒவ்வொருவரும் வாக்கினின்றும் விலகத் தலைப்பட்டால் உலகியல் நடப்பது எங்ஙனம்? கருவியை முன்கூட்டியே கொடுத்துவிட்டு இருபத்துநான்கு மாதம் காத்திருப்பவனுக்கு நம்பிக்கை வேண்டாமா? இம்மறுப்பை நாம் இலேசாகத் தள்ளிவிடல் தகாது. வாக்கின் மீது பெரிதும் தங்கி வாழ்வோர் செல்வரல்லர், ஏழைகளே. செல்வனுக்கு வழக்கறிஞர் உளர். ஏழைக்கு அயலவன் சொல் ஒன்றே பிணை. நமது ஊர்களிற் பெண்கள் பிடிக்கும் சீட்டைப் பாருங்கள். எழுத்தில்லை, முத்திரையில்லை. பத்துப் பேர் மாதந்தோறும் பணம் போடுகின்றனர்; மாதம் ஒருத்தி முழுத்தொகையையும் எடுக்கின்றாள். ஒருத்தி ஓடினால் ஒன்பது குடும்பங்கள் தள்ளாடும்.

ஆனால் அந்தச் சீட்டுக்குள்ளேயே நமது கேள்விக்கு விடையும் உள்ளது. சீட்டை எடுத்தவள் இடையில் நிறுத்த முடியாது. அவள் பெற்றது பிறர் பணம். கணவன் இறந்தாலும் வீடு எரிந்தாலும், தவணை நீளலாமேயன்றிக் கடன் கடனே. சீட்டை இன்னும் எடுக்காதவளுக்கு இடர் வந்தால் ஊர் வேறு விதமாக நடந்துகொள்ளும். அவளுடைய இடத்தில் வேறொருத்தியைச் சேர்க்கும். அன்றேல் கட்டிய பணத்தைக் கணக்குப் பார்த்துப் பின்னர் கொடுக்கும். எஞ்சிய மாதங்களுக்கும் கட்டு, ஆனால் உனக்குச் சீட்டு இல்லை என்று எந்தத் தாய்ச்சிக்காரியும் கூறமாட்டாள். கூறினால் ஊர் அவளிடம் மறுபடி சீட்டுப் போடாது. எடுத்ததற்குக் கொடுத்தல் வேறு, எடுக்காததற்குக் கொடுத்தல் வேறு என்பதை எழுத்தறியாத கிழவியும் அறிவாள். சட்ட நூல்கள் நூற்றாண்டுகள் தடுமாறிய இடத்தை அவள் ஒரு கணக்கிலே தீர்க்கின்றாள்.

அக்கணக்கை நமது மாணவியின் ஒப்பந்தத்திற்குப் பொருத்துவோம். மாதம் 30 பவுண் வீதம் எஞ்சிய 420 பவுண், அவள் கையிலிருக்கும் கருவியின் விலை. அது எடுத்த சீட்டு. கம்பனி அக்கருவிக்கு முன்னரே பணம் கொடுத்துவிட்டது. அதனைக் கட்டாது விமானம் ஏறுதல் நேர்மையன்று. மாதம் 18 பவுண் வீதம் எஞ்சிய 252 பவுண், இனிமேல் அவள் பேசப்போகும் பேச்சுக்கு உரியது. அவள் அங்கே இருக்கப்போவதில்லை, பேசப்போவதுமில்லை. கம்பனிக்கு அதனால் பெருஞ்செலவும் இல்லை. அது எடுக்காத சீட்டு. ஒப்பந்தத் தாள் இவ்விரண்டையும் ஒரே தொகையாகக் கூட்டி 672 என்று எழுதுகின்றது. ஒழுக்கம் அவற்றைப் பிரித்தே நோக்கல் வேண்டும்.

அச்சேவைக் கட்டணத்தையும் அவள் விரும்பித்தானே ஏற்றாள், கையெழுத்து இட்டாளல்லவா என்று சிலர் கேட்பர். இங்கேதான் ஒப்பந்தம் என்பதன் உண்மை வடிவத்தை நாம் ஊன்றி நோக்க வேண்டியுள்ளது. 2023 ஆம் ஆண்டின் வசந்த காலத்தில் பிரித்தானியத் தொலைபேசிக் கம்பனிகள் பல, ஒப்பந்தம் நடந்துகொண்டிருக்கும்பொழுதே தம் மாதக் கட்டணத்தை 14.4 சதவீதம் உயர்த்தின. விலைவாசி உயர்ந்தால் அவ்வளவுக்கும் மேலே 3.9 சதவீதத்தையும் சேர்த்து உயர்த்தலாம் என்ற விதி ஒப்பந்தத்திலேயே இருந்தது. புதிய ஒப்பந்தங்களில் இவ்வாறு பணவீக்கத்தோடு கட்டணத்தைப் பிணைக்கும் முறையை அந்நாட்டு ஒழுங்குபடுத்தும் சபை 2025 சனவரி 17 முதல் தடைசெய்தது. உயர்வு எத்தனை பவுண், எத்தனை பென்ஸ் என்பதை முன்னரே கூறிவிட்டால் உயர்த்துவதற்குத் தடையில்லை.

இதன் பொருள் யாது? விலைவாசி மாறுதல் கம்பனிக்கு நேரும் நிலைமாற்றம். அது தாளிலே இடம்பெற்றுவிட்டது. வேலை போதல், விசா முடிதல், நோய் வருதல், பிள்ளை பிறத்தல் ஆகியன தொழிலாளிக்கு நேரும் நிலைமாற்றங்கள். அவற்றுக்குத் தாளிலே இடமில்லை. ஒரு சாராருக்குக் காலம் ஓடும், மறுசாராருக்குக் காலம் நிற்கும் என்பது வாக்கு அன்று. ஏனெனில் வாக்கு என்பது இருவர் ஒருங்கே எதிர்காலத்தை நோக்கி நிற்பது. எதிர்காலத்தின் நன்மையைத் தனக்கும் தீமையை மற்றவனுக்கும் எழுதிவைப்பது அதிகாரமேயன்றி வேறன்று. வாங்குபவனும் விற்பவனும் சந்தையிலே சுதந்திரமும் சமத்துவமும் உடையவராகத் தோன்றுவர், சந்தையைத் தாண்டியதும் அத்தோற்றம் கலைந்துவிடும் என்பதை 1867 இல் வெளிவந்த மூலதனத்தின் முதற்றொகுதியிலே கார்ல் மார்க்ஸ் எடுத்துக்காட்டினார். உழைப்பை விற்பதற்கு அவர் கூறியது, கைத்தொலைபேசியை வாங்குவதற்கும் ஓரளவு பொருந்துவதை இன்று காண்கின்றோம்.

இது நமது நாட்டுக்குப் புதியதன்று. மலையகத் தோட்டங்களில் ஒரு காலத்தில் 'துண்டு' என்றொரு முறை இருந்தது. தொழிலாளர் கங்காணிக்குப் பட்ட கடனை எவர் செலுத்துகின்றாரோ அவரிடம் அத்தொழிலாளரை விடுவிக்க ஆயத்தம் என்று தோட்டத்துரை எழுதிக்கொடுக்கும் கடதாசியே துண்டு. கடன் பெருகப் பெருக ஆளும் கடனோடு சேர்ந்து தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறினார். ஒப்பந்தத்தை மீறி வெளியேறிய தொழிலாளிக்குச் சிறைத் தண்டனையும் இருந்தது. அவர்களும் விரும்பியே கைநாட்டு வைத்தார்கள் என்றுதான் அன்றும் கூறப்பட்டது. தொலைபேசி ஒப்பந்தத்தையும் தோட்டத் தொழிலாளரின் அடிமைநிலையையும் ஒரே தராசில் வைக்க நாம் முற்படவில்லை; அது வரலாற்றுக்கும் அம்மக்களுக்கும் இழைக்கும் அநீதியாகும். ஆயினும் இரண்டிலும் காணப்படும் தருக்கம் ஒன்றே. உள்ளே வருவதற்கு ஒரு கையெழுத்துப் போதும். வெளியே போவதற்கு முழு விலையும் கட்டல் வேண்டும். அத்தருக்கத்தைச் சேர் பொன்னம்பலம் அருணாசலம் போன்றோர் எதிர்த்து நின்றனர். 1921, 1922 ஆம் ஆண்டுகளில் துண்டு முறையும், ஒப்பந்த மீறலுக்கான சிறைத் தண்டனையும் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டன. கையெழுத்துப் புனிதமானது என்ற வாதம் அன்றே தோற்ற வாதம்.

நிலை மாறியவனுக்கு வழிவிடுதல் வணிகத்தைக் குலைக்கும் என்பதும் உண்மையன்று. செருமனியில் 2021 திசெம்பரிலிருந்து நடைமுறையிலுள்ள தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி, வீடு மாறிச் செல்பவருக்குப் புதிய இடத்தில் அச்சேவை கிடையாதாயின் ஒரு மாத முன்னறிவித்தலோடு ஒப்பந்தத்தை முடிக்கலாம். அமெரிக்காவிலே, படைவீரர் ஒருவர் 90 நாட்களுக்குக் குறையாத காலத்துக்குச் சேவை எட்டாத இடத்துக்கு அனுப்பப்பட்டால், கைத்தொலைபேசி ஒப்பந்தத்தைத் தண்டமின்றி முடிக்கச் சட்டம் இடந்தருகின்றது. கட்டளையினால் நாடு கடக்கும் படைவீரனுக்கு உரிய நியாயம், கட்டளையினால் நாடு கடக்கும் பராமரிப்புத் தொழிலாளிக்கு ஏன் இல்லை? விடை சட்டத்தில் இல்லை. யாருடைய குரல் சட்டமன்றத்தை எட்டுகின்றது என்பதில் இருக்கின்றது.

முன்னறிவித்தலும் நியாயமான கணக்கும் நம்மவர் அறியாதனவுமல்ல. ஒல்லாந்தர் 1707 இல் எழுத்திலே தொகுத்த தேசவழமை, ஒற்றிக் காணியை மீட்க விரும்புவோர் முன்னரே அறிவித்தல் வேண்டும் என்றும், நிலத்தில் நிற்கும் பயிரின் காலத்தைக் கருதியே மீட்டல் வேண்டும் என்றும் வகுத்தது. சாதி ஏற்றத்தாழ்வையும் அடிமை முறையையும் அதே தேசவழமை ஏற்றிருந்தது என்பதை நாம் மறக்கவில்லை. அதனைப் போற்றிப் பாடுவது நமது நோக்கமன்று. ஆயினும் பிணைப்பு ஒன்றிலிருந்து வெளியேறும் வழியையும் அப்பிணைப்பின் ஒரு பகுதியாகவே பழைய உழவர் சமுதாயம் கருதிற்று என்பது கவனிக்கத்தக்கது.

ஈற்றில் நாம் மாணவிக்கு எழுதிய விடை இதுவே. கட்டாமல் ஓடாதே. ஓடினால் கம்பனி அழியாது. அந்த நட்டத்தை மற்றைய வாடிக்கையாளர் தலையிற் சுமத்திவிடும். நாளை அங்கே வந்திறங்கும் இன்னொரு பெண்ணிடம் இருமடங்கு பிணை கேட்கும். ஆனால் 672 பவுணும் உன் கடன் என்று ஏற்றுத் தலைகுனியவும் வேண்டாம். வேலை போனதற்கும் விசா முடிவதற்கும் உரிய கடிதங்களின் பிரதியை இணைத்து எழுத்திலே அறிவி. கருவியின் விலையைத் தவணையாகக் கட்டுவதாகக் கூறு. நீ பெறாத சேவைக்குப் பணம் கேட்பது நியாயமன்று என்பதையும் அதே கடிதத்தில் எழுது. அங்கே இத்தகைய முறைப்பாட்டை விசாரிக்கும் நடுவர் அமைப்பு உண்டு. கம்பனி மறுத்தால் அங்கே செல்.

அவள் அவ்வாறே செய்தாள். முதற் கடிதத்துக்கு அச்சடித்த விடையே வந்தது. இரண்டாவது கடிதத்துக்குப் பின்னர், கருவியின் விலையைத் தவணையிற் பெறக் கம்பனி இணங்கிற்று. மாதம் 15 பவுணை இலண்டனிலுள்ள ஒன்றுவிட்ட தமையன் அவளுக்காகக் கட்டி வருகின்றார். 252 பவுண் பற்றிய பிணக்கு இன்னும் தீரவில்லை. அவள் இப்பொழுது ஊரில் இருக்கின்றாள். காணி இன்னும் ஈட்டிலேயே உள்ளது. ஆனால் கம்பனியின் பெயரைக் கேட்டு அவள் ஒளிப்பதில்லை. தான் எவ்வளவு கடனாளி, எவ்வளவு கடனாளியல்லள் என்பதை அவள் அறிவாள். ஒரு மனிதருக்கு இந்த அறிவு சிறிய உடைமையன்று.

எனினும் தனியொருத்தியின் நேர்மையோடு இவ்விடயம் முடிந்துவிடுவதில்லை. எத்தனை பேர் இவ்வாறு கடிதம் எழுதுவர்? எத்தனை பேருக்கு ஆங்கிலத்தில் எழுதத் தெரியும்? தனிமனிதர் ஒவ்வொருவரும் இரக்கம் கேட்டு நிற்கும் நிலை மாறி, நிலைமாற்றம் என்பது ஒப்பந்தத்திலேயே உரிமையாக எழுதப்படும் நாள் வரல் வேண்டும். நமது நாட்டிலும் 1997 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் உண்டு. நமது பிள்ளைகளும் நாள்தோறும் ஏதோவொரு தாளிலே கையெழுத்திடுகின்றனர்; பலர் படியாமலே இடுகின்றனர். ஒப்பந்தம் ஒன்றை எவ்வாறு வாசிப்பது, அதிலிருந்து வெளியேறும் வழி எந்தப் பந்தியில் ஒளிந்திருக்கின்றது, அங்கே எழுதப்படாதது யாது என்பவற்றை வகுப்பறையிலே கற்பிக்க நமக்கு என்ன தடை? தமிழ்ப் பாடத்தில் செய்யுளுக்குப் பொருள் கூறும் திறமை இத்தாளின் முன்னே பயன்படாதிருக்க வேண்டியதில்லை.

மறுபடியும் மேல் வகுப்பில் அரிச்சந்திரன் கதையைச் சொல்ல நேர்ந்தால், அந்த மாணவனின் கேள்வியை மணியடிக்கும்வரை காக்கவைக்க மாட்டோம். வாக்கைக் காத்தல் வேண்டும் என்றே இனியும் கூறுவோம். ஆனால் யார் கொடுத்த வாக்கு, யார் அதற்கு விலைப்படுகின்றார், வாங்கியவன் எதனைக் கொடுத்தான் என்ற மூன்று கேள்விகளையும் அதனோடு சேர்த்தே கரும்பலகையில் எழுதுவோம்.